கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலி

இரண்டு நட்சத்திரம். வார்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை மறுபடி பார்த்தாள். பாவம், கண்ணாடி மேல் குற்றமில்லை. இரண்டேதான்.

அவள் இப்போது யாருக்கும் வார்டன் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பெண்கள் விடுதி ஒன்றைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றாகிவிட்டது. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். வேலை விட்ட முதல் ஆறு மாதம் பகல் நகராமல் பைத்தியம் பிடிக்காத குறை. பிறகுதான் மாடி அறையை இணையதளத்தில் போட்டு, இரண்டு நாள் மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு விட ஆரம்பித்தாள். இதுவரை ஐம்பத்தெட்டு விமர்சனம், அத்தனையும் ஐந்து நட்சத்திரம். 'பளிச்சென்ற அறை' என்று யாராவது எழுதிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளைக் கையில் பிடிக்க முடியாது.

ஐம்பத்தொன்பதாவதாக வந்ததுதான் இது. ஒன்பது வயது மகளோடு மூன்று நாள் தங்கிப் போன ஒரு தாய் எழுதியிருந்தாள்.

'அறை சுத்தம். ஆனால் புதன்கிழமை நாங்கள் வெளியே போயிருந்தபோது யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். எங்கள் கட்டிலைத் தொட்டிருக்கிறார்கள். என் மகளின் பொம்மைக்குக் கழுத்துவரை போர்த்தி வைத்திருக்கிறார்கள். அவள் பயந்து அழுதாள். அன்று கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் படுத்தோம்.'

கூடவே கட்டிலின் படம். அதற்கும் கீழே இணையதளக்காரர்களின் கடிதம். பாதுகாப்புப் புகார் என்பதால் இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் தர வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அறையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒரே பதில்தான். போட்டபின் மாற்ற முடியாது.

வார்டன் போனும் கையுமாகக் கூடத்துக்கு ஓடினாள்.

"ஏங்க! நம்ம மாடிக்குள்ள யாரோ நுழைஞ்சிருக்காங்களாம்!"

அவள் கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். போனை வாங்கி நிதானமாகப் படித்தார். "நான் இல்லம்மா. நான் படி ஏறினா என் முட்டி போடற சத்தம் தெருவுக்கே கேக்கும்."

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. அறை போச்சுன்னா நான் என்ன செய்வேன்? உங்க மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

"அது கஷ்டம்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

தங்குகிறவர்களிடம் கொடுப்பது போக, சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது தெருமுனைச் சலவைக்கடைக்காரியிடம். ஒருவர் காலி செய்ததும் விரிப்பு மாற்றி, பெருக்கித் துடைத்து, அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு போவது அவள்தான். இரண்டில் ஒன்று கழிந்தால் மிச்சம் யார்? வார்டன் மடமடவென்று பதிலைத் தட்டினாள்: 'எங்கள் பணிப்பெண் அனுமதியின்றி நுழைந்துவிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்.' அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நிறுத்தினாள். விசாரிக்காமல் தண்டிப்பது அவள் வழக்கமில்லை. ஆனால் அவள் விசாரணையில் தப்பியவர்களும் யாருமில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சலவைக்காரி வெளுத்த துணியோடு வந்தாள்.

"புதன்கிழமை மாடிக்குப் போனியா?"

"இல்லையே வார்டனம்மா. ஆள் இருக்கும்போது நான் ஏன் போறேன்?"

"அப்ப அந்தப் பொம்மைக்கு யார் போத்திவிட்டா? பேயா?"

"எந்தப் பொம்மை? எனக்கு ஒண்ணும் புரியலம்மா."

"என் விடுதியில எத்தனை பேர் இதே மாதிரி முழிச்சிருக்காங்க தெரியுமா?"

சலவைக்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. துணிமூட்டையை நாற்காலியில் வைத்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மூணு வருஷமா இந்தச் சாவி என்கிட்ட இருக்கு. ஒரு குண்டூசி காணாமப் போயிருக்கா?" என்றவள் பதிலுக்கு நிற்கவில்லை.

வார்டனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மணி, நாலு மணி. தட்டி வைத்த பதிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஐந்து மணிக்குக் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தைப் பெருசாக்கு, பாப்போம்."

பெரிதாக்கினாள். கட்டிலின் கால்மாட்டில் போர்வை சாய்வாக மடித்து, கடித உறையின் மூலைபோல மெத்தைக்கடியில் செருகப்பட்டிருந்தது. சலவைக்காரி எத்தனை சொல்லியும் போர்வையைத் தொங்கத்தான் விடுவாள். மேஜையில் கழுவின கோப்பை, ஈரம் வடிய, கைக்குட்டைமேல் கவிழ்ந்திருந்தது.

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

புதன்கிழமை. கொல்லையில் துணி எடுக்கப் போனபோது மாடியில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். ஏறிப் போய் அணைத்தாள். அவ்வளவுதான் நினைவில் இருந்தது. மிச்சத்தையெல்லாம் கை தானாகச் செய்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் தினமும் பதினொரு மணிக்கு அறை அறையாகப் போய் விளக்கை அணைத்து, போர்வையைச் செருகி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த கை. அறைக்குள் நுழைந்ததாகவே அவளுக்குப் படவில்லை.

விடுதிக்கு வரும் சின்னப் பெண்கள் முதல் நாள் அழுவார்கள். 'நான் இருக்கேன்ல, தூங்கு' என்பாள் வார்டன். தூங்கிவிடுவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று அந்த வார்டனுக்கே பயந்து நாற்காலியைப் போட்டு அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதாள்.

பிறகு தட்டி வைத்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

'உள்ளே வந்தது நான்தான். ஃபேனை அணைக்க வந்தேன், பழக்கத்தில் எல்லாவற்றையும் தொட்டேன். நான் செய்தது தப்பு. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், வந்தது ஒரு வயதான வார்டன், பொம்மைக்குக் குளிரும் என்று போர்த்தினாள். இனி யார் அறைக்குள்ளும் இப்படிப் போக மாட்டேன்.'

"இப்படியா போடப் போறே? கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார் கணவர்.

"சாத்தட்டும்." அழுத்திவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அறை ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்படுகிறது, அதன்பின் பரிசீலிக்கப்படும். அவள் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள்.

சலவைக்காரி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஃபேனை அணைக்க நான்தான் போயிருக்கேன். உன்மேல பழி போட்டேன். மன்னிச்சிரு" என்றாள் வார்டன். அந்தக் கடைசி வார்த்தையை அவள் வாய் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்றோ.

இஸ்திரிப்பெட்டி இரண்டு முறை போய் வந்தது. "அறை என்னாச்சு?"

"ஒரு மாசம் மூடிட்டாங்க. அப்புறம் தெரியாது." சாவிகளை மேஜையில் வைத்தாள். "திறந்தா, ஆள் தங்கியிருக்கற நாள்ல ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதே."

சலவைக்காரி இப்போதுதான் நிமிர்ந்தாள். சாவிகளைப் பார்த்தாள், வார்டனைப் பார்த்தாள்.

"ஆளில்லாம ஃபேன் ஓடிட்டே இருந்தா?"

வார்டன் சாவிகளை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

"ஓடட்டும்."