மேனேஜர் வைத்த பொட்டு

நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி நடத்தும் மாரப்பன், வங்கிக் கடனில் வாங்கிய நான்கு தையல் மெஷின்களையும் நூல் வாங்கப் பணமில்லாமல் சத்தமில்லாமல் விற்றுவிட்டார். மெஷின்களைப் பார்க்க வங்கி மேனேஜர் ஜெபசிங் வருகிறார் என்றதும், மச்சான் கம்பெனியிலிருந்து அதே மாடலில் நான்கை இரவல் வாங்கி வந்தார்.

ஆட்கள் அவற்றைப் பளபளவென்று துடைத்தார்கள். பூஜையில் வைத்த பொட்டை மட்டும் யாரும் தொடவில்லை. பொட்டை அழிப்பார்களா என்ன?

ஜெபசிங் அந்த நான்கின் முன்னால் நின்றார். மற்ற மெஷின்களில் சந்தனத்தின் மேல் சின்னதாகக் குங்குமம் இருந்தது. இவற்றில் சந்தனமே இல்லை. கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் அப்பியிருந்தது.

"போன மாசம் உங்க மச்சான் கம்பெனி பூஜைக்கு என்னையக் கூப்பிட்டாங்க. எங்க வீட்டுல பொட்டு வைக்கிற பழக்கமில்ல. இப்படித்தான் வச்சேன்," என்றார்.

மாரப்பன் அசரவில்லை. "உங்க கைராசிங்க சார். அதான் அழிக்கலீங்க."

ஜெபசிங்கின் கிளையில் அந்த வருடம் ஏற்கெனவே நிறைய வாராக்கடன். நான்கு மெஷின்களும் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு உங்க மச்சான் கம்பெனிக்குப் போறேன்," என்றார். "அதுக்குள்ள இதெல்லாம் அங்க போயிரணும்."