ஆயிரத்து நூறு வாக்கியங்கள்

அந்த மதர்போர்டை நான் வாங்கும்போது என் மனைவி ஹிஸ்கேவுக்குக் குரல் இருந்தது. வேண்டாம் என்று அந்தக் குரலில்தான் சொன்னாள். ஏதோ ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இராப்பகலாக ஓடி, போதும் என்று கழித்துக்கட்டிய சர்வர் போர்டு. ஜெர்மன்காரன் ஒருவன் விற்றான். அடுத்தவன் தூக்கிப் போட்டதை நம்ம வீட்டுக்குள்ள கொண்டு வர்றியே என்றாள். நான் கேட்கவில்லை. பம்பு நிலையங்களில் முப்பத்தெட்டு வருஷம் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் பெண்டாட்டி போர்டு பற்றிச் சொல்லித் தருவதா என்ற நினைப்பு.

எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, மின்மீட்டர் இருக்கும் அலமாரியில், என் கம்ப்யூட்டர்ப் பெட்டி உட்கார்ந்திருக்கும். உள்ளே நான்கு டிஸ்க். குடும்பத்தின் போட்டோ, கடிதம், வரிக் காகிதம் எல்லாம் அதில்தான். முன்பின் தெரியாத கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டரில் என் வீட்டைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன் என்பது என் வீறாப்பு. நான்கில் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். பிறந்தநாள் விருந்துகளில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் இதை விளக்கியிருக்கிறேன். கேட்காதவர்களிடமும்தான். பழைய பெட்டி மெதுவாகிவிட்டது என்று புதிதாக ஒன்று கட்டினேன். அதற்குத்தான் அந்த போர்டு. நான்கு டிஸ்க்கையும் அதற்கு மாற்றினேன்.

அடுத்த மாதம் ஹிஸ்கேவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும். தொண்டையில் வால்வு வைத்துப் பேசும் வழி அவளுக்குச் சரிப்படாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஹிஸ்கே கால்வாய்ப் பாலம் திறப்பவள். முப்பத்தோரு வருஷம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ரேடியோவில் படகுக்காரர்களை மேய்த்தவள். படகின் கொடிக் கம்பத்தை இறக்காமல் பாலத்தைத் திறக்கச் சொல்கிறவனை அவள் ஒரு அதட்டு அதட்டினால் ஹார்லிங்கன் துறைமுகம் வரை கேட்கும் என்பார்கள். அவளிடமிருந்து குரலை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் மார்லூஸ் என்ற பெண்தான் ஒரு வழி சொன்னாள். அறுவை சிகிச்சைக்கு முன் ஆயிரத்து நூறு வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்துவிட்டால், அதிலிருந்து ஹிஸ்கேயின் குரலை உருவாக்கிவிடலாம். பிறகு அவள் எதைத் தட்டச்சு செய்தாலும் கையிலிருக்கும் கருவி அவள் குரலிலேயே பேசும்.

பின்னறையில் சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து, நல்ல மைக் வைத்து, ஆறு நாள் பதிவு செய்தோம். மைக்கிலிருந்து நேராக என் பெட்டிக்கு.

"இன்று பேருந்து தாமதமாக வருகிறது" என்று வாசித்துவிட்டு ஹிஸ்கே காகிதத்தை மடியில் போட்டாள். "எந்தப் பொம்பளை இப்படிப் பேசுவா, சொல்லு. எழவெடுத்த பஸ்ஸைக் காணோமேன்னுதானே சொல்லுவா? அதையும் எடுத்துக்க."

எடுத்துக்கொண்டேன். பட்டியலில் இல்லாமல் இப்படி இன்னும் அறுபது சொன்னாள். பாதி என்னைத் திட்டுவது. நாளைக்கு நீ ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுட்டுப் போனா நான் என்ன, தட்டச்சா அடிச்சுக்கிட்டு நிப்பேன், ரெடியா இருக்கட்டும் என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது. அந்த இருமலையும் நான் அழிக்கவில்லை.

அப்படியே அனுப்பிவிடுங்கள், சுத்தம் செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மார்லூஸ் சொன்னாள். நான் கேட்டால்தானே? பின்னணியில் ஃப்ரிட்ஜின் முனகல் இருந்தது. அதை நானே நீக்கி, வாக்கியம் வாக்கியமாக வெட்டி, பெயர் போட்டு, ஒழுங்காக அனுப்புகிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. வெள்ளிக்கிழமை பெட்டி முதல்முறையாக உறைந்துபோனது.

உறைவது என்றால் நின்றுவிடுவது. பிழைச் செய்தி இல்லை, பதிவேட்டில் ஒரு வரி இல்லை. அணைத்துப் போட்டால் எழுந்துகொள்ளும். மூன்று மணி நேரம் ஓடும், அல்லது இரண்டு நாள் ஓடும், மறுபடி உறையும். கோப்புகளைப் பிரதி எடுக்க ஆரம்பித்தால் போதும், பாதியில் படுத்துவிடும். மெமரித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. பேட்டரி மாற்றினேன். பிராசஸரைத் தூக்கி, அடியிலிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஊசிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போர்டைக் கழற்றிச் சமையலறை மேஜையில் அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டினேன். சமர்த்தாக நான்கு நாள் ஓடியது. துள்ளிக் குதித்துக்கொண்டு திரும்பப் பெட்டிக்குள் மாட்டினேன். நாற்பதாவது நிமிஷம் உறைந்தது. போர்டில் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும் சில்லு ஒன்று உண்டு. அதைக் கேட்டால், எல்லாம் நலம், பச்சை விளக்கு என்கிறது. சனியனே, நலமாக இருந்தால் எதற்கடா நிற்கிறாய் என்று மேஜையை ஓங்கிக் குத்தினேன்.

ஹிஸ்கே வீட்டுக்கு வந்திருந்தாள். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் சின்னத் துணி. சிறுபிள்ளைகள் எழுதி அழிக்கும் பலகை ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் எழுதிக் காட்டினாள்: 'என் குரல் எங்கே?'

வருது, வருது என்றேன்.

என் நண்பன் ஏல்கே வந்து பார்த்தான். கம்ப்யூட்டர் சங்கத்தில் இருபது வருஷப் பழக்கம். மாதம் பிறந்தால் என் டிஸ்க்குகளின் பிரதி ஒன்று அவன் வீட்டுக்குப் போகும். இந்தப் பதிவுகள் கடைசிப் பிரதி போன பிறகு எடுத்தவை. அடுத்த மாதப் பிரதியை நான் எடுக்கவில்லை. நோயாளி போர்டு வழியாகப் பிரதி எடுத்தால் கோப்பு கெட்டுப்போகும் என்று பயந்தேன். ஏல்கே தலையில் கைவைத்துக்கொண்டான்.

"போர்டை விட்டுத்தள்ளுடா, ரின்ஸே. நாலு டிஸ்க்கையும் கழற்றி என் பெட்டியில போடு. இன்னைக்குச் சாயங்காலமே ஹிஸ்கே பேசிடுவா."

"உன் பெட்டியில இருக்கறது சாதா மெமரிடா. என்னோடது தப்பு வந்தா தானே திருத்திக்கும்."

"என் மெமரி திருத்திக்காது, ஒத்துக்கறேன். நீ என்னைக்குத் திருந்துவே?"

ஹிஸ்கே தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமில்லாமல். பிறகு பலகையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'டிஸ்க்கை ஏல்கே கிட்ட குடு.' திங்கள் வரை பொறு, பவர் சப்ளை ஒன்றைத்தான் இன்னும் பார்க்கவில்லை, அதையும் பார்த்துவிடுகிறேன் என்றேன். இத்தனை வாரம் போராடிவிட்டு, காரணம் தெரியாமல் தோற்றுப்போக எனக்கு மனமில்லை. உண்மை அதுதான். அவள் குரலைவிட எனக்கு அந்தக் காரணம் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை கொட்டகையிலிருந்த பழைய பெட்டியின் பவர் சப்ளையைக் கழற்றிக் கொண்டுவந்தேன். இரண்டும் ஒரே கம்பெனி, மாடல்தான் வேறு. போர்டுக்குப் போகும் தடித்த கேபிள் சப்ளையோடு ஒட்டிப் பிறந்தது. டிஸ்க்குகளுக்குப் போவது மட்டும் கழற்றி மாட்டுவது. அந்தக் கேபிள்களைப் புதுப் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் செலவழித்து, வளைத்து, கட்டி, அழகாக ஒதுக்கியிருந்தேன். அவிழ்க்க மனம் வரவில்லை. இருந்த கேபிளையே பழைய சப்ளையில் செருகினேன். அச்சாகப் பொருந்தியது.

பொருந்தும். அதுதான் வினையே. பிளக் ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பிகள் மாடலுக்கு மாடல் இடம் மாறியிருக்கும். ஐந்து வோல்ட் போக வேண்டிய வழியில் பன்னிரண்டு போகும். சப்ளையை மாற்றினால் கேபிளையும் மாற்று என்று சங்கத்தின் இணையப் பக்கத்தில் நான் மூன்று பேருக்கு எழுதியிருக்கிறேன். அதில் ஒருவனை முட்டாள் என்றுகூடத் திட்டியிருக்கிறேன்.

சுவிட்சைப் போட்டேன். சொடுக்குப் போட்டாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நான்கு டிஸ்க்கிலிருந்தும் புகை நாற்றம் கிளம்பியது. ஹிஸ்கே சமையலறையில் சர்க்கரை ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது மூச்சு மூக்கு வழியாகப் போவதில்லை, வாசனையும் தெரியாது. நான் போய் வாசலில் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

டிஸ்க்குகளைப் பிழைக்கவைக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஏல்கேயே காரோட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மூன்று வாரம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. இரண்டு டிஸ்க் எழுந்துவிட்டன, மற்ற இரண்டுக்கும் வழியில்லை, மன்னிக்கவும் என்றார்கள். மூன்று இருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். இரண்டு இருந்தால் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. நான் இதை எத்தனை விருந்தில் விளக்கியிருப்பேன்! அந்த போர்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எதனால் உறைந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஹிஸ்கே அழுதாள். அழுகைக்கும் சத்தமில்லை; துணிக்கு அடியில் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்து போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை அடி, எதையாவது எடுத்து அடி என்றேன். அவள் அடிக்கவில்லை. பலகையை எடுத்தாள், எழுதாமலே கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை க்ரோனிங்கன் மருத்துவமனைக்கு, மார்லூஸிடம் போனோம். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும் பெண் குரல்கள் ஆறு உண்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று மேஜைமேல் கருவியை வைத்தாள். ஹிஸ்கே அதை என் பக்கம் தள்ளிவிட்டுப் பலகையில் எழுதினாள்: 'நீயே எடு. கேக்கப்போறவன் நீதானே.'

கேட்டேன். வணக்கம், என் பெயர் அன்னா. வணக்கம், என் பெயர் எமா. ஆறு பேரும் நல்ல பிள்ளைகள். வங்கியில் வரிசை எண் கூப்பிடுகிற மாதிரி பேசினார்கள். ஒருத்திகூட ஒரு படகுக்காரனை அதட்டியிருக்க மாட்டாள். ஹிஸ்கே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது என்றேன். இரண்டாவதில் ஏதோ இருந்ததால் அல்ல. இன்னொரு சுற்று கேட்க என்னால் முடியாது.

மார்லூஸ் அதைக் கருவியில் ஏற்றினாள். நன்றி சொல்லிக் கோட்டை எடுக்க எழுந்தேன்.

"ரின்ஸே, வீட்டிற்குப் போகலாம்" என்றாள் ஒருத்தி.

போகலாமே, ரொம்ப நன்றி என்று சொல்லிக்கொண்டே நான் மார்லூஸ் பக்கம் திரும்பினேன். பேசியது அவளில்லை; மார்லூஸ் தரையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஹிஸ்கே, கருவியைக் கையில் பிடித்தபடி, நான் திரும்புவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.