ஜல்லிக் குவியலில் மசக்கை

பண்டசோழநல்லூர்த் தையலம்மாள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள், அப்புறம் வாய் சும்மா இருக்குமா? காம்பவுண்டு சுவருக்காக இறக்கிய கருங்கல் ஜல்லிக் குவியலருகே மருமகள் செல்வகுமாரி குந்தியிருந்தாள். ஒரு கல்லை எடுத்து நாக்கால் நக்கினாள், உற்றுப் பார்த்தாள், மறுபடி நக்கினாள். மாசமாயிருப்பவள்தானே மண்ணுக்கும் சாம்பலுக்கும் அலைவாள்? மூன்று வருஷமாகக் காத்திருந்த தையலம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். எதிர்வீட்டுச் செங்கமலத்திடம் மட்டும் இரண்டு தடவை சொன்னாள். "உம் மருமவளுக்கு இன்னும் விசேஷம் இல்லியா?" என்று வாரம் தவறாமல் விசாரித்து வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறவள் அவள்தான்.

அதற்குப் பிறகுதான் மருமகளிடம் வந்தாள். "எத்தினி மாசம்மா?"

"ஐயோ அத்தை, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நாளைக்கு காலேஜுல எனக்கு ஜியாலஜி பிராக்டிகல், கல்லைப் பாத்து இன்னதுன்னு சொல்லணும். ஈரமானாதான் கல்லுக்குள்ள இருக்கறது பளிச்சுனு தெரியும். பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கறது குவார்ட்ஸ். ரோஸா இருக்கறது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பா மினுக்கறது மைக்கா. மூணும் சேர்ந்ததுதான் கிரானைட். பூமிக்கு அடியில உருகிக் கெடந்த குழம்பு ரொம்ப மெதுவா ஆறுச்சு, அதான் ஒவ்வொண்ணும் மணிமணியா வளந்திருக்கு."

"தண்ணி ஊத்திப் பாத்தா இன்னாடி?"

"பாறை பாக்க மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, அங்க தண்ணிக்கு எங்க போறது? நக்கியே பழகிப்போச்சு."

தெரு முழுக்கச் சொன்னது தையலம்மாளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இனி செங்கமலத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? படிக்கப் போன பிள்ளையைக் கல்லை நக்கச் சொல்வார்களா, எல்லாம் புளுகு என்று ஆத்திரம் வேறு. ஒரு கல்லைப் பிடுங்கி முந்தானையில் துடைத்து, தானே நக்கிப் பார்த்தாள். அட, ரோஸ் நிறம் நிஜமாகவே பளிச்சென்று எழுந்தது. விடுவாளா? இன்னொன்றை எடுத்து நக்கினாள், மூன்றாவதையும் நக்கினாள். "இதுலயும் மைக்கா கீதுடி," என்றாள்.

வாசலில், தட்டு நிறைய மாங்காயும் மல்லிகைப்பூவும் கண்ணாடி வளையலுமாகச் செங்கமலம் நின்றுகொண்டிருந்தாள். கல்லும் கையுமாகக் குந்தியிருந்த தையலம்மாளைப் பார்த்தாள். கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தையலம்மாளின் புருஷன் சுப்பராயலுவைப் பார்த்தாள். தட்டை வாங்கக் கை நீட்டிய செல்வகுமாரியைத் தாண்டி வந்து, அதைத் தையலம்மாளின் மடியில் வைத்தாள்.

"இதுக்குப் போயி மருமவ மேல பழியப் போட்டியே தையலு," என்றாள்.