மேல் இரண்டு பட்டன்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அக்கா போனில் திட்டியது பாதி, நான் ஒட்டுப்போட்டது மீதி.

முதல் தொடக்கம்: 'முதுமை என்பது ஒரு...' சீச்சீ, அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அக்கா வயதானவர்களுக்கு உடை தைக்கிறாள். கை தூக்க முடியாதவர்களுக்குத் தோளில் திறக்கும் சட்டை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் பின்பக்கம் உயர்த்தி வெட்டிய பேண்ட். எதைத் தைத்தாலும் முதலில் தானே போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். உறுத்தினால் பிரித்துவிடுவாள்.

இது பரவாயில்லை, இருக்கட்டும்.

2

அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. சட்டையை அவிழ்த்துக்கொண்டு வாசல் வரை வந்துவிடுகிறாள். பார்த்துக்கொள்ள வந்த அம்மாள், "என்னால முடியாதும்மா, தெருவே பாக்குது" என்று கையை விரித்துவிட்டாள்.

அக்கா யோசித்து ஒரு சட்டை தைத்தாள். திறப்பெல்லாம் முதுகில். முன்னால் பட்டன்கள் வெறும் ஒப்புக்கு, காஜா* கிடையாது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதே சட்டையை நாலு வீட்டில் கேட்டு வாங்கினார்கள்.

அம்மா மட்டும் நாளெல்லாம் அந்தப் பட்டன்களைத் திருகித் திருகி அழுதாள்.

[இங்கே அம்மாவின் விரல்களைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "ரொம்ப ஓவரா இருக்குடா" என்றாள். எடுத்துவிட்டேன்.]

* காஜா: பட்டன் நுழையும் துளை. அக்கா திட்டும்போதும் இந்தச் சொல் வரும்.

3

"டேய், அம்மா சட்டையக் கழட்டப் பாக்கலடா. மேல ரெண்டு பட்டனத்தான் தேடுறா."

"எதுக்கு?"

"பிள்ளைக்குப் பால் குடுக்கணுமாம். சின்னவன் பசியில கத்துறானாம்."

சின்னவன் நான்தான். தலை முழுக்க நரை, சர்க்கரை வேறு.

சிரித்துவிட்டேன். போனை வைத்தபிறகு அழுதேன். இந்த உலகத்தில் இன்னும் ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா மறுபடி கூப்பிட்டாள். "மேல ரெண்டுக்கும் நெஜமாவே காஜா எடுத்துட்டேன். உள்ள கெட்டித் துணி வச்சிருக்கேன், மானம் போகாது. நாளைக்குப் போட்டுவிடப் போறேன். அதுக்கும் அழுகை நிக்கலைன்னா டாக்டர் மாத்திரையக் கூட்டிடுவாரு. அப்புறம் எப்பவும் தூக்கம்தான். நீ வந்துடுடா. உன்னப் பாத்தா அடங்கினாலும் அடங்குவா."

4

பஸ்ஸில் எழுதிய முடிவுகள்:

(அ) அம்மா என்னை அடையாளம் கண்டு, "வந்துட்டியா சாமி" என்று கன்னத்தைத் தடவுகிறாள். (எழுதும்போதே எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே சந்தேகம்.)

(ஆ) அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வெளியே வந்து, மழையில்... (மழையாவது மண்ணாவது. வெயில் மண்டையைப் பிளந்தது.)

(இ) அம்மா

5

அம்மா சன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். புதுச் சட்டை. அக்கா பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா, நான்தாம்மா. சின்னவன்."

மேல் பட்டனில் இருந்த விரல் நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. சின்னவன் பசியா இருக்கான்."

திரும்பிக்கொண்டேன்.

எதிரே சுவர். ஒரு காலண்டர், அணைந்த டிவி. பின்னால் துணி சரசரக்கிறது. கதையின் கடைசிப் பத்தி என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது, எனக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை. அழுகைச் சத்தம் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

அம்மா திரும்பிக்கொள்ளச் சொன்னது என்னை மட்டும்தான். உங்களை ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் பெண்ணாக இருந்தால் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பட்டன் சுலபமாகத் திறந்ததா என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

என்னிடம், சின்னவன் குடிக்கிறானா என்று மட்டும் சொல்லுங்கள்.