பாதை பிரிகிற இடத்தில் அண்ணன்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, அண்ணி சொன்னது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து நேராக என் அறைக்கு வந்தார். "நீ கதை எழுதுறவன்தானே? இதை எழுதிக் குடு. எழுத்துல பாத்தாதான் என்ன நடந்துச்சுன்னு எனக்குப் புரியும்" என்றார்.

கிணற்றில் விழுந்தவரைத் தூக்க, நீச்சல் தெரியாத நானும் குதித்தேன்.

2

'நீலக் கடலோரம் பறவைக் கூட்டம்போல சைக்கிள்கள்…'

அடித்துவிட்டேன். அன்று கடல் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்ததாம்.

'அண்ணனுக்கு மறதி…'

இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை. (முடித்தால் உண்மையாகிவிடுமோ என்று பயம். எழுதுகிறவனுக்கு இப்படியொரு மூடநம்பிக்கை உண்டு.)

சரி, நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

3

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கூட்டத்தைக் கடலோரப் பாதையில் கூட்டிப் போவான். அங்கே எல்லோருக்கும் அவன் 'கேப்டன்'. ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் நாணல். நடுவில் சைக்கிள் கைப்பிடி அகலத்துக்கு ஒரு பாதை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று பீற்றிக்கொள்வான்.

அன்று வழியில், கூட்டத்தில் வரும் பல் டாக்டர் ஒருவரின் டயர் பஞ்சர். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். முன்னால் போன அண்ணனை நிறுத்த அண்ணி மட்டும் மிதித்துப் போனார்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அண்ணன் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். வலது பக்கம் ஏறினால் கலங்கரை விளக்கம், இடது பக்கம் இறங்கினால் படகுத்துறை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் திரும்பி, மரியாதையாகச் சிரித்தான். "நீங்க எந்தப் பக்கம் போறீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அண்ணியை அவன் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை.

"விளையாடாதீங்க."

"இல்லைங்க, வழி தெரியாமதான் கேக்கறேன்."

காற்றில் நாணல் சாய்ந்து நிமிர்ந்தது. அதற்குள் பின்னால் மற்றவர்களின் மணிச் சத்தம். அண்ணன் தலையை உதறிக்கொண்டு, "என்ன பாத்துட்டு நிக்கிற? வா" என்று சொல்லி வலது பக்கம் ஏறினான். சரியான வழிதான்.

4

இங்கே ஒரு சந்தேகம். என் அண்ணன் குறும்புக்காரன். தன் கல்யாணத்திலேயே மாமனாரிடம் போய், "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டவன்.

"கிண்டல் பண்ணியிருப்பான் அண்ணி."

"கிண்டல் பண்ணா கடைசில சிரிப்பார். அன்னைக்குச் சிரிக்கல."

"முதல்லயே சிரிச்சானே?"

"அது என்னைப் பாத்துச் சிரிச்சதில்லப்பா. யாரோ ஒரு பொம்பளையப் பாத்துச் சிரிச்சது."

(நானும் இதே வரியில்தான் நின்றுவிட்டேன். இடதா, வலதா?)

5

முடிவு ஒன்று: அண்ணி டாக்டரிடம் கூட்டிப் போகிறார். தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்கிறார் டாக்டர். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: அண்ணி பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுகிறார். வேன் கைவிட்டுப் போகிறது. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு, அண்ணியுடன் பேசாமல்…

வாசித்துக் காட்டினேன். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் அவரை யாருமே ஒண்ணும் கேக்கலையே" என்றார். "நானும் கேக்கல. தினமும் காலைல வேன் கிளம்பற சத்தம் கேட்டா அத்தனை புள்ளைங்க முகமும் வருது. அப்பவும் கேக்கல. கேட்டா மனசு உடைஞ்சிடுவாரோன்னு."

6

இந்தப் பகுதியை நான் கற்பனை செய்யவில்லை.

அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் உள்ளே வந்தான். வேனைக் கழுவிவிட்டு வந்திருக்கிறான். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. மேசைமேல் கிடந்த காகிதங்களைப் பார்த்தான்.

"என்னடா, புதுக்கதையா?"

"ம்."

"எதைப் பத்தி?"

"சைக்கிள்ல போறவங்களைப் பத்தி."

"அப்ப நான் கேட்டே ஆகணும்." ஈரத்தோடு கட்டிலில் உட்கார்ந்தான். "தப்பா எழுதியிருந்தா திருத்துவேன். படி."

அண்ணியைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் ஒன்றும் புரியாமல் அந்தக் கையையும் என்னையும் பார்த்தான்.

மூன்றாம் பகுதியில் தொடங்கி, பஞ்சர் வரை படித்துவிட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த தாள் கையில் இருக்கிறது. கடற்காற்று, பாறை, பல் டாக்டர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வேறெங்காவது கூட்டிப் போய்விடவும் என்னால் முடியும். அது என் தொழில்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்கிறான் அண்ணன்.

இதுவரை கூட வந்தவர் நீங்கள். படிக்கட்டுமா?