கடற்பாசிக் கேள்வி

மூன்று வருடமாக, பயிற்சி மையங்கள் நிறைந்த நோர்யாங்ஜினில் தங்கி அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. இந்த முறையும் தேறாவிட்டால் என் மூஞ்சியை நானே பார்க்க முடியாது என்றுதான் இருந்தேன்.

தேர்வன்று மாலையே விடைகள் வந்துவிட்டன. கூடப் படிக்கும் தா-மியும் நானும் கோப்பையில் சோறு விற்கும் தெருக்கடை வாசலில் நின்றபடியே மதிப்பெண் போட்டுப் பார்த்தோம். பயிற்சி மையம் சொன்ன கட்-ஆஃபுக்கு எனக்கு ஒரே ஒரு கேள்வி குறைந்தது. எதில் கோட்டை விட்டேன் என்று பார்த்தால், கடற்பாசியில்!

சின்னப் பத்திதான். கடலில் கழி நட்டு வளர்க்கும் பாசி, தண்ணீர் வற்றும்போது வெயிலில் காய்கிறது. மெதுவாக வளர்ந்தாலும் ருசி அதிகம். மையக்கருத்து என்ன? வாண்டோ தீவில் அப்பா நாற்பது வருடமாகச் செய்வது அதைத்தான். யோசிக்கவே இல்லை. 'கழியில் வளர்த்த பாசியே ருசி' என்று போட்டுவிட்டேன்.

"அய்யோ அக்கா, பாசி வெறும் உதாரணம்! கடைசி ரெண்டு வரியப் படிக்கலையா? மனுஷன் சும்மா இருக்குற நேரமும் வீணில்ல, அதான் மையக்கருத்து."

"வெயில்ல காயுறது சும்மா இருக்குறதாடீ? எழுதினவன் பாசியப் பாத்திருக்கானா?"

"சரியா தப்பான்னா கேட்டான்? பத்தியில என்ன இருக்குன்னுதானே கேட்டான்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன்.

"போ-கியோங்! பரீட்சையில நம்ம பாசி வந்துச்சாமே! இங்க மீனவர் சங்கத்துல அதே பேச்சுதான். எல்லாரும் கேக்குறாங்க, சத்தமாச் சொல்லு. என்ன போட்ட?"

"கழியில வளத்த பாசிதான் ருசின்னு."

அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். "பின்ன, எம்பொண்ணாச்சே! பாஸ்தானே?"

"அது தப்பாம்ப்பா. அந்த ஒரு கேள்வியிலதான் போச்சு."

கைதட்டல் நின்றது. யாரோ இருமினார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"போதும்ப்பா. ஊருக்கே வந்துடறேன். உங்களோட கழி நடறேன்."

"எதுக்கு? பாசியப் பத்தித்தான் உனக்கு எல்லாம் தெரியுமே," என்றார் அப்பா. "தெரியாததப் போய்ப் படி."

போனை வைத்துவிட்டார்.