முதல் சொம்புக் கூழ்

ஆறு மாதத்தில் மறுபடி வந்து கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் நர்மதா தை மாதமே சொல்லிவிட்டார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் அறிவழகனின் பெருங்குடலிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சதை வளர்ச்சியை எடுத்திருந்தார்கள். பாலிப் என்று பெயர். பெரிதாக இருந்ததால் ஒரே துண்டாக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறுத்தெடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் அப்படி எடுத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருந்தால் திரும்ப முளைக்குமாம். ஆறு மாதத்தில் பார்த்தால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம், விட்டுவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டி வரும், புற்றாகவும் மாறலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினார்.

ஆட்டின மண்டை எங்கள் ஊர் ரெட்டிபாளையம் வந்ததும் நின்றுவிட்டது. நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு வைத்தியம் என்று சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார். எங்கள் பெண் சத்யப்பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானதும் இன்னும் வசதியாகப் போயிற்று. கல்யாணம் முடியட்டும் என்றார். நானே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை தேதி வாங்கினேன்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். இந்த வருஷம் கேழ்வரகு எங்கள் வீட்டு முறை. கேழ்வரகு கொடுத்த வீட்டு ஆண்பிள்ளை முதல் சொம்பைக் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். இவருக்கோ அன்று முழுக்கத் தண்ணீர், இளநீர், பால் விடாத டீ தவிர எதுவும் ஆகாது. குடல் பளிச்சென்று இருந்தால்தான் கேமராவில் தெரியும். அதனால் இவருடைய தம்பி மகேஷ் குடிப்பதாகக் கோயிலில் பேசி வைத்திருந்தேன்.

மகேஷ் கையை நீட்டினான். இவர் குறுக்கே போய்ச் சொம்பை வாங்கி, தெருவே பார்க்க, முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்ட கூழை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மன் சன்னதியில் என்னவென்று கத்துவது? வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, சாமி காரியத்தைத் தள்ள முடியுமா என்று எனக்கே பாடம் நடத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பரவாயில்லை, பேதி மருந்தை இரண்டு வேளையும் முழுசாகக் குடித்தால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும், வாருங்கள் என்றார் நர்ஸ். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மதியமே அரியலூர் போய்ப் பஸ் மாறி, பெரம்பலூருக்குப் பக்கத்தில் குரும்பலூரில் என் தங்கை வளர்மதி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாயங்கால மருந்தை என் கண் முன்னால் குடித்தார். காலை மருந்தை, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன், நீ முறைக்காதே என்று பாத்ரூமுக்குள் எடுத்துப்போனார். காலிச் சொம்போடு வெளியே வந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கூட்டிப்போனவரை நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து அவர் உட்கார்ந்ததும் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் அழைத்தார். பார்க்க முடியவில்லை, போன தடவை அறுத்த இடத்தின் மேலேயே கசடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். இவர் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். அப்படியானால் கல்யாணம் முடித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்தேவிட்டார்.

“உக்காருங்க ஐயா,” என்றார் டாக்டர். “நான் அந்த எடத்தப் பாக்கல. பாக்காத எடத்துல ஒண்ணும் இல்லன்னு எப்படிச் சொல்றது? போனவாட்டி எடுத்தது பெருசு. தள்ளிப் போடாதீங்க.”

பிறகு என் பக்கம் திரும்பி, நேற்றுக் குடித்ததாக நர்ஸ் சொன்ன ஒரு சொம்புக் கூழுக்கு இவ்வளவு கசடு நிற்காதே, மருந்து இரண்டு வேளையும் உள்ளே போனதா என்று கேட்டார். போனது என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலைல குடுத்தத பாத்ரூம்ல ஊத்திட்டேன்,” என்றார். “கூழும் சாமிக்காகக் குடிக்கல செங்கமலம். கேமராவுல எதுவும் தெரியக் கூடாதுன்னுதான் குடிச்சேன். மறுபடி இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா என்னால பந்தல்ல நிக்க முடியாது. தெரியாம இருந்தா, சிரிச்ச மொகமா புள்ளயக் கட்டிக் குடுத்துடுவேன்.”

இருபத்தாறு வருஷத்தில் இந்த மனிதர் பயம் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. கோபத்தில் எனக்குக் கண் இருட்டியது. அந்தக் கோபத்துக்குள்ளேயே அவர் மேல் அப்படி ஒரு பரிதாபமும் வந்தது.

“பயமா இருக்குன்னு எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?” என்றேன். “ஆவணியில பந்தல்ல நீங்க நின்னுடுவீங்க. நாளைக்கு நம்ம பொண்ணு புள்ளத்தாச்சியா வூட்டுக்கு வரும்போது வாசல்ல நான் மட்டும் நிக்கவா?”

டாக்டர், இன்று இங்கேயே தங்கி மறுபடி மருந்து குடியுங்கள், நாளைக்குப் பார்த்துவிடுகிறேன் என்றார். வார்டில் ஒவ்வொரு டம்ளரையும் நான் கையில் கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். குமட்டிக்கொண்டு வந்தபோது முதுகைத் தடவினேன். திட்டவும் செய்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கதவுக்கு வெளியே நின்றேன். இந்தத் தடவை நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாரியம்மனைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். பழைய தழும்பின் ஓரத்தில் பாசிப்பயறு அளவுக்கு முளைத்திருந்ததாம். அதை எடுத்து, ஓரத்தையும் சுட்டுவிட்டிருக்கிறார். பார்வைக்குக் கெட்டதாகத் தெரியவில்லை, இருந்தாலும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அதை இப்போது ஏன் நினைக்கிறீர்கள் என்று நிறுத்திவிட்டார்.

இவர் எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் இவரிடமும் சொன்னார். மறுபடி முளைத்திருப்பதால் இன்னும் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், தை மாதம் வாருங்கள் என்றார். இவர் என்ன சாக்குச் சொல்லப் போகிறாரோ என்று நான் வாயைத் திறக்கத் தயாரானேன்.

“மார்கழிக் கடைசில போடுங்க டாக்டர்,” என்றார் அவர். “தை பொறந்துட்டா வூடு பூரா பொங்கலும் கரும்புமாக் கெடக்கும். என்னய நம்ப முடியாது.”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன்.